இருக்கிறாயா என்று கேட்கும் பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

பிரசவ விடுப்பு முடிந்து இன்று வேலைக்குத் திரும்பினேன். திரும்பினேன் என்றால் படுக்கையறையிலிருந்து ஹாலின் ஓரத்து மேசைக்கு. அலுவலகம் கோவையில் இருக்கிறது. திருப்பூரில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். பகலில் மிதுவைப் பார்த்துக்கொள்வது மாமா, அதாவது என் கணவர் லோகுவின் அப்பா. எட்டு மாதம் இடுப்பைவிட்டு இறங்காதவளை அவர் கையில் கொடுத்துவிட்டு நான்தான் மேசைக்குப் போகாமல் நின்றேன். அவள் அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தாள்.

பத்து மணிக்கு ரெஜினா அழைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தவர்கள்.

"ஏன்டி சங்கவி, நெட்வொர்க்னா என்னனு ஞாபகம் இருக்கா?"

"டயப்பர் சைஸ் கேளு, அதைத் தெளிவாச் சொல்றேன்."

"உனக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். உங்க வீட்டுக்காரர் கம்பெனிதான். பில் போடற சாஃப்ட்வேர் தினமும் நின்னு நின்னு போகுதாம். ஒரு ப்ரோப் வெச்சுப் பாத்துரு. எங்க லேட்டாகுதுன்னு கண்டுபிடிச்சா அவங்க நம்மகூட இருப்பாங்க. இல்லீன்னா வேற ஆளு பாத்துக்குவாங்க."

லோகு அந்த ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் தையல் யூனிட்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது அவர் வேலை. இனிமேல் வீட்டிலும் வாங்கலாம் என்றேன். சிரித்தார்.

மாலையில் எவர்சில்வர் தட்டு ஒன்று கைதவறி விழுந்தது. மிது முதுகைக் காட்டி உட்கார்ந்து ரப்பர் வாத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. கவனிக்கவில்லை போலிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

ப்ரோப் பெட்டி கூரியரில் வந்தது. சோப்பு டப்பா அளவுதான். அது செய்வது ஒரே ஒரு வேலை. தூரத்தில் இருக்கும் ஒரு கணினிக்கு "இருக்கிறாயா?" என்று ஒரு துணுக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து "இருக்கிறேன்" என்று பதில் வரும். போய்வர எத்தனை மில்லி செகண்டு ஆனது என்று குறித்துக்கொள்ளும். மறுபடி கேட்கும்.

அதற்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியவை கொஞ்சம்தான். யாரைக் கேட்பது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கேட்பது, எவ்வளவு தாமதித்தால் அதைத் தாமதம் என்பது, தாமதித்தால் யாரை எழுப்புவது. மிதுவை மடியில் வைத்துக்கொண்டே அமைத்தேன். அவள் வயரை வாயில் போடப் பார்த்தாள். நான் பிடுங்க, அவள் பிடுங்க, பெட்டிக்கு "திருப்பூர்-ஒன்று" என்று பெயர் வைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

கம்பெனியின் பில் சாஃப்ட்வேர் சென்னையில் ஒரு சர்வரில் இருக்கிறது. அதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் வெளியாள் யார் கேட்டாலும் பதில் சொல்லாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். திறக்கச் சொல்லி மெயில் போட்டிருக்கிறேன். அதுவரை சும்மா இருப்பானேன் என்று, வழியில் கோவையில் இருக்கும் இன்டர்நெட் லைன் கம்பெனியின் ரூட்டரைக் கேட்கும்படி வைத்தேன். திருப்பூரிலிருந்து கிளம்பும் எதுவும் அந்த ரூட்டரைத் தாண்டித்தான் சென்னைக்குப் போக வேண்டும். நொடிக்கு ஒருமுறை.

ரெஜினா பார்த்துவிட்டு, "நொடிக்கொருதரமா? புதுசாக் கல்யாணமானவ மாதிரி 'சாப்ட்டீங்களா, சாப்ட்டீங்களா'ன்னு நச்சரிக்கறியே" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த லோகு பெட்டியை டிபன் பையில் போட்டு எடுத்துப்போனார். அங்கிருந்து போன்.

"மாட்டிட்டேன். லைட் எரியுது."

"பச்சையாங்க, ஆரஞ்சா?"

"மஞ்சள் தட்டுன பச்சை. ஷேடு கார்டு இருந்தா நம்பரோட சொல்லுவேன்."

தூங்கப்போகும் முன் மாமாவிடம் கேட்டேன். "மாமா, இன்னைக்கு மிது மத்தியானம் தூங்குனாளா, முழிச்சுட்டே இருந்தாளா?" "ஆமா அம்மிணி" என்றார். டி.வி. அவ்வளவு சத்தத்தில் ஓடினால் என்ன காதில் விழும். அதோடு, சேலைத் தொட்டிலின் கயிற்றைத் தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டுதான் சோபாவில் சாய்ந்திருக்கிறார். எழுந்துபோய் ஆட்டச் சோம்பேறித்தனம். போகட்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாரே, அதுவே பெரிது.

தட்டு மறுபடி விழுந்தது.

ஜூன் 6, வெள்ளி

இருபது மில்லி செகண்டுக்கு மேல் போனால் என் போனில் மணி அடிக்கும்படி வைத்திருந்தேன். காலையிலிருந்து நிற்காமல் அடித்தது. கோவை ரூட்டர் சில சமயம் இருபதில் பதில் சொல்கிறது, சில சமயம் இருநூறில், சில சமயம் சொல்வதே இல்லை. போன் பாயில் மிதுவின் பக்கத்திலேயே கிடந்து அலறியது. அவள் தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

மாமாவும் எழுந்துபோய் அணைக்கவில்லை. இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் எல்லாம் கேட்கிறது.

குக்கர் மூடி விழுந்தது. குளியலறையில் மக்கு விழுந்தது.

ஜூன் 8, ஞாயிறு

லோகு வீட்டில் இருந்தார். மத்தியானம் இட்லித் தட்டுகள் மொத்தமாக விழுந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார்.

"சங்கவி, நம்ம வீட்டுப் பாத்திரத்துக்கெல்லாம் கைகால் மொளச்சிருச்சா? ஒண்ணொண்ணாக் குதிச்சு ஓடுது?"

"கை வழுக்குதுங்க."

"எனக்கே நெஞ்சு பதறுது. பாப்பா பயந்துக்கப்போறா."

பாப்பா பயப்படவில்லை. பாப்பா திரும்பவே இல்லை.

ஜூன் 9, திங்கள்

எழுதிவிடுகிறேன். மிதுவுக்குக் காது கேட்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பிறந்த உடனே காதுக்கு ஒரு பரிசோதனை செய்வார்கள். அன்று அந்த மெஷின் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது, பிறகு வாருங்கள் என்றார்கள். பிறகு ஊசி வந்தது, சளி வந்தது, பல் வந்தது. அது விட்டுப்போனது.

பாத்திரம் எதுவும் கைதவறி விழவில்லை. நான்தான் போடுகிறேன். அவள் முதுகுப்பக்கம் நின்று, நிழல் அவள்மேல் விழாமல் பார்த்துக்கொண்டு போடுகிறேன். ஆரம்பத்தில் எப்போதாவது திரும்பினாள். திரும்பும்போதெல்லாம் காற்றுக்குத் திரும்பினாளோ, சேலை அசைந்து திரும்பினாளோ என்று மறுபடி போட்டேன். இப்போது அதுவும் இல்லை. கூப்பிட்டால் திரும்ப வெகுநேரம் ஆகிறது. இன்று போட்டதற்கு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நாளுக்கு நாள் குறைகிறது.

லோகுவிடம் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் போல இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

லோகுவின் கம்பெனியில் கணக்குப் பிரிவு சாந்தாமணி அக்காவிடம் பேசினேன். தாமதத்தால் அவதிப்படுவது அவர்தான்.

"ஏனுங் சங்கவி, நா பொய் சொல்லுவனா. ஒரு பில்லுக்கு அமுக்கிப்போட்டு, எந்திரிச்சுப் போயி, டீ குடிச்சு, டம்ளரக் கழுவி வெச்சுட்டு வந்து பாத்தாலும் அந்த வட்டம் சுத்திட்டே இருக்குதுங். மத்தியானமானாத்தான் இப்புடி. எம்பட கண்ணே சுத்துது."

கோவை ரூட்டரின் வரைபடத்தை எடுத்தேன். கொள்ளைத் தாமதம், பாதிக் கேள்விக்குப் பதிலே இல்லை. படத்தை இணைத்து லைன் கம்பெனிக்குக் கடுமையாக ஒரு மெயில் எழுதினேன். உங்கள் ரூட்டர்தான் காரணம், உடனே மாற்றவும். ரெஜினா "செம காரமா இருக்குடி" என்றாள். சாந்தாமணி அக்காவுக்கு நகல் போட்டேன். அவர் கைகூப்பும் படம் ஒன்றை வரிசையாக அனுப்பினார்.

ஒரு குற்றவாளியைப் பிடித்துவிட்டதில் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

லோகுவிடம் சொல்லிவிட்டேன். அவர் மிதுவுக்கு ராகிக்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் அவர் சட்டைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் சிரித்தார். "நம்ம பாப்பாவுக்கா? பிஸ்கட் கவரப் பிரிச்சா எங்கிருந்தாலும் தவழ்ந்து வந்துருவாளே."

"அது பாத்துட்டு வர்றதுங்க."

சிரிப்பு நின்றது. கரண்டியை வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் போனார். மெதுவாகக் கைதட்டினார். கொஞ்சம் பலமாகத் தட்டினார். "மிதுக்குட்டி" என்றார். அவள் தரையில் சிந்திய கூழை விரலால் தேய்த்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "எத்தன நாளா இத மனசுல வெச்சுட்டு இருக்க?" என்றார்.

"பாத்திரம் விழ ஆரம்பிச்சதுல இருந்து."

கூழ் ஒட்டிய கையோடு என் தலையைத் தடவிவிட்டார். அப்புறம் போனை எடுத்து யார் யாரிடமோ கேட்டு, பதினெட்டாம் தேதிக்கு நேரம் வாங்கிவிட்டார். சொன்னதும் எனக்குப் பசித்தது. தலையில் கூழை அலசிவிட்டு இரண்டு தோசை சேர்த்துத் தின்றேன்.

ஜூன் 13, வெள்ளி

லைன் கம்பெனியிலிருந்து பதில்: "எங்கள் பக்கம் எல்லாம் சுத்தமாக உள்ளது." அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. ரெஜினாவுக்கு என்னைவிட வந்தது.

சாயங்காலம் சென்னையிலிருந்து மெயில், சர்வரைத் திறந்துவிட்டார்களாம். திருப்பூர்-ஒன்றுக்கு இன்னொரு பெயரைச் சேர்த்துவிட்டேன். இனி கோவையையும் கேட்கும், சென்னையையும் கேட்கும்.

ஜூன் 16, திங்கள்

காலையில் வரைபடத்தைத் திறந்தேன். கோவை ரூட்டர்: இருநூறு, நூற்றெண்பது, பதில் இல்லை, இருநூற்றைம்பது. சென்னை சர்வர்: பதினான்கு, பதினான்கு, பதினைந்து, பதினான்கு.

தப்பாக எதையோ மாற்றிப் போட்டுவிட்டேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. சென்னைக்குப் போகிறவன் கோவையைத் தாண்டித்தான் போகிறான். கோவையில் இருநூறு ஆகிறது என்றால் சென்னைக்குப் பதினான்கில் எப்படிப் போய்வர முடியும்?

ரெஜினாவை அழைத்தேன். இரண்டு பேரும் வெகுநேரம் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று எனக்குப் புரிந்தது.

"ரெஜி, அந்த ரூட்டருக்கு ஒரு குறையும் இல்லடி. அதுக்கு வேற வேலை இருக்கு. வர்றவங்க போறவங்களையெல்லாம் டக்குடக்குன்னு அனுப்பி விட்டுட்டு இருக்கு. நடுவுல நான் 'இருக்கியா, இருக்கியா'ன்னா, கை ஒழிஞ்சப்பதான் 'இருக்கேன்'ங்குது."

"ஆமாடி. அதுவும் நொடிக்கொரு தடவ கேட்டா, 'இவளுக்கு வேற வேலையில்ல'ன்னு பாதிய விட்டுருது."

"பதில் லேட்டா வருதுங்கறதுக்காக..."

"என்னடி, பாதியில நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்ல."

மனதில் வந்ததை இங்கே எழுதப்போவதில்லை. ரூட்டர் வேறு, குழந்தை வேறு. பதினெட்டாம் தேதி வரட்டும்.

ஆனால் இன்று எந்தப் பாத்திரத்தையும் கீழே போடவில்லை.

மத்தியானம் இன்னொன்று நடந்தது. உணவு இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் சென்னையின் பதினான்கு சட்டென்று நானூறுக்கு ஏறியது. சாந்தாமணி அக்காவின் வட்டம் சுற்றும் நேரம். இது நிஜமான தாமதம். யார் லைனை அடைக்கிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு கணினி. சாம்பிள் பிரிவு. ஐரோப்பாவில் ஆபீஸ் திறக்கும் நேரத்துக்குச் சரியாக, சாயமேற்றிய துணியின் நிறம் சரியா என்று காட்டப் பெரிய பெரிய வீடியோக்கள் போகின்றன. அனுப்புகிறவர் பெயரும் இருந்தது.

சாயங்காலம் லோகு வந்ததும் கேட்டேன். "ஏனுங்க, துணிக்கு எதுக்குங்க வீடியோ?"

"வெயில்ல ஒரு கலரு, டியூப்லைட்ல ஒரு கலரு தெரியும்ல. ரெண்டையும் திருப்பித் திருப்பிக் காட்டணும். புதுப் போன்ல எடுத்தா நூலு நூலாத் தெரியுது. வெளிநாட்டுப் பையர் அசந்துட்டான்."

"சாந்தாமணி அக்காவும் அசந்துட்டாங்க."

விவரம் சொன்னதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அக்காகிட்டச் சொல்லிராத. எனக்கு டி.ஏ. பில்லு பாஸ் பண்றதே அவங்கதான்."

ஜூன் 18, புதன்

முதலில் இருந்து எழுதுகிறேன். இல்லாவிட்டால் முடிவை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுவேன்.

பரிசோதனையின்போது குழந்தை ஆழ்ந்து தூங்க வேண்டும், அதனால் காலையில் தூங்கவிடாமல் கூட்டிவாருங்கள் என்றிருந்தார்கள். வீட்டில் தூங்கவைக்க மன்றாடினாலும் கண்ணை மூடாதவள், இன்று காரில் ஏறியதும் தலை சாய்த்தாள். லோகு ஓட்ட, நானும் மாமாவும் பின்னால் உட்கார்ந்து அவள் உள்ளங்காலைக் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டே போனோம். மாமா மீசையை வைத்து வயிற்றில் உரசினார். அவள் தூக்கத்துக்கும் சிரிப்புக்கும் நடுவில் கிடந்து விக்கினாள்.

பரிசோதிக்கும் பெண்ணின் பெயர் ஷபானா. என் வயதுதான் இருக்கும். முகக்கவசம் போட்டிருந்தார். சத்தம் புகாத சின்ன அறை. மிது என் மடியில் ஒரே நொடியில் தூங்கிப்போனாள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டினார்கள். காதில் மெல்லிய ரப்பர்க் குழல்.

ஷபானா மெல்லிய குரலில் விளக்கினார். காதுக்குள் டிக் டிக் என்று ஓசை அனுப்புவார்கள். ஓசை நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே சின்னதாக ஒரு மின் அலை எழும். அனுப்பிய நொடிக்கும் அலை எழும் நொடிக்கும் நடுவே எத்தனை மில்லி செகண்டு என்று மெஷின் குறித்துக்கொள்ளும்.

"இதுக்குப் பேரு லேட்டன்சிங்க" என்றார்.

"தெரியுங்க" என்றேன். என் குரல் எனக்கே வினோதமாக இருந்தது.

காத்திருக்கும்போது அவர் மாமாவிடம் மெதுவாகக் கேட்டார். "ஐயா, பாப்பாவுக்கு எத்தனை மாசங்க?"

"ஆமாங்" என்றார் மாமா.

"சளித் தொந்தரவு அடிக்கடி வருமாங்க?"

"ஆமாங், ஆமாங்."

ஷபானா என்னைப் பார்த்தார். நான் குறுக்கே புகுந்து பதில் சொன்னேன்.

திரையில் கோடு நடுங்கிக்கொண்டே போனது. ஆறு மில்லி செகண்டைத் தாண்டிய இடத்தில் ஒரு குன்று எழுந்தது. சத்தத்தைக் குறைத்தார். குன்று இருந்தது. இன்னும் குறைத்தார். சின்னதாக, ஆனால் இருந்தது. காது மாற்றினார். அந்தப் பக்கமும் இருந்தது. அறிக்கையை அவர் படிப்பதற்கு முன்பே நான் படித்துவிட்டேன். இந்த வேலையில் இத்தனை வரைபடம் பார்த்திருக்கிறேன், எதையும் தடவிக்கொடுக்கத் தோன்றியதில்லை. இதைத் தடவிக்கொடுத்தேன்.

"ரெண்டு காதும் நல்லாக் கேக்குதுங்க" என்றார்.

லோகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அப்பறம் ஏங்க திரும்ப மாட்டேங்கறா?" என்றேன்.

"வீட்டுல டெஸ்ட் பண்ணுனீங்களா?"

"பாத்திரக் கடையே வெச்சுட்டாங்க" என்றார் லோகு சுவரிடம்.

ஷபானா சிரித்தது கண்ணில் தெரிந்தது. "தெனமும் அதே தட்டு, அதே சத்தம். ஆரம்பத்துல என்னன்னு பாக்கும். அப்பறம், 'அட, அம்மா மறுக்காத் தட்டப் போட்டுட்டாங்க'ன்னு அதும்பாட்டுக்கு வெளையாடும். சலிச்சுப்போச்சுங்க அதுக்கு. எதுக்கும் ஒரு வயசு முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க, பாத்துக்கலாம்."

கேள்வியை நிறுத்தாமல் கேட்டால் பதில் சொல்வதை விட்டுவிடும். இரண்டு நாள் முன்பு நானும் ரெஜினாவும் ரூட்டரைப் பற்றிப் பேசியதுதான்.

கிளம்பும்போது ஷபானா குரலைத் தாழ்த்தி, "ஐயாவுக்கு எப்பவாச்சும் காது பாத்திருக்கீங்களா?" என்றார். நானும் லோகுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாமா எங்களுக்கு முதுகு காட்டி நின்று, மிதுவின் நெற்றியில் ஒட்டியிருந்த பசையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். "ஐயா" என்று கூப்பிட்டார் ஷபானா. மறுபடி கூப்பிட்டார். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜூன் 19, வியாழன்

டி.வி.யை நிறுத்திவிட்டு மாமாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். எப்போதும் அப்படித்தான் பார்க்கிறார் என்பது எனக்கு இன்றுதான் தெரிகிறது.

"மாமா, உங்களுக்குக் காது எப்ப இருந்து கேக்கறதில்ல?"

ஆமா அம்மிணி என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"நிட்டிங் ஹாலுல ஆயுசு பூராங் கெடந்தேன். அங்க மிசினு போடற எரைச்சல்ல பேச்செல்லாங் கையிலதான், ஒருத்தருக்கும் ஒண்ணுங் கேக்காது. வேலைய உட்டு நின்னு வூட்டுக்கு வந்தப்பறம், 'அப்பாடா, சத்தமே இல்ல'ன்னு இருந்தேன். மிசினு மட்டும் நின்னு போகல, எல்லாமே நின்னுபோச்சுன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது."

"ஏன் மாமா சொல்லவே இல்ல?"

"சொன்னா பாப்பாவ எங்கிட்ட உடுவியா?"

விட்டிருக்கமாட்டேன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அழுதா எனக்குக் கேக்காதுல்ல அம்மிணி. அதுக்குத்தான் கவுத்தக் கால்ல கட்டிக்கறது. அவ முழிச்சு லேசா அசஞ்சாப் போதும், வெரலு இழுக்கும். அழுகறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிருவேன்."

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு மிது மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து அழுது கேட்டதே இல்லை. நல்ல பிள்ளை, சமத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோம்பேறித்தனம் என்று எழுதிய வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும்.

"நாளைக்கும் நீங்கதான் மாமா பாத்துக்கணும். ஆனா காதுக்கும் காட்டிரலாம்."

"காதுல மாட்டற அந்த எழவெல்லாம் எனக்கு வேண்டா" என்றார். பிறகு, "பாத்துக்கறது நாந்தான?" என்று உறுதி செய்துகொண்டார்.

ஜூன் 23, திங்கள்

லைன் கம்பெனிக்கு மன்னிப்பு மெயில். எழுதுவதற்குள் வியர்த்துவிட்டது. "பதில் தாமதமாக வந்ததை வைத்து உங்கள் ரூட்டர் பழுதென்று முடிவுகட்டிவிட்டேன்" என்று எழுதினேன். அங்கிருந்து ஒருவர், "பரவாயில்லைங்க, வாரத்துக்கு ஒருத்தராச்சும் எங்களை இப்படித் திட்டறாங்க" என்று பதில் போட்டார்.

பில் சாஃப்ட்வேரை வரிசையில் முன்னால் விட்டு, வீடியோக்களைப் பின்னால் மெதுவாக வரும்படி மாற்றியாயிற்று. கோவை ரூட்டரைக் கேட்பதை எடுத்துவிட்டேன். சென்னையை மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும். தொடர்ந்து சில பதில்கள் தாமதித்தால்தான் மணி அடிக்கும்.

சாந்தாமணி அக்கா போன் செய்தார். "ஏனுங் சங்கவி, இப்ப அமுக்குனாப் பட்டுனு வருதுங். ஆனா என்ன, டீ குடிக்கவே நேரமில்லீங். ஆமா, அத்தன நாளா லைன அடச்சுட்டு இருந்தது ஆருங்?"

"சாம்பிள் பிரிவுங்க்கா."

"அங்க ஆருங்?"

"அது தெரியலீங்க்கா."

லோகு எதிரில் நின்று இரண்டு கையையும் கூப்பினார். ரெஜினா சொன்னாள், கம்பெனி நம்மோடேயே இருக்கிறதாம். பெருந்துறை யூனிட்டுக்கும் பெட்டி கேட்கிறார்களாம்.

ஜூலை 11, வெள்ளி

மாமாவுக்கு மெஷின் வந்துவிட்டது. இரண்டு காதுக்கும். பயறு அளவில், காதின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஷபானாதான் பொருத்தினார். ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்று மாமா காரில் ஏறும்வரை தலையில் துண்டைச் சுற்றியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே புகார். "இந்த ஃபேனு இத்தன நாளா இப்புடியா கத்திட்டு இருந்துச்சு?" பேப்பரைப் புரட்டினால் சத்தம், சட்னி தாளித்தால் சத்தம், தன் செருப்பே சத்தம். லோகு வழக்கம்போல் வாசலில் இருந்தே, "அப்பா, சாப்ட்டாச்சா" என்றார். மாமா காதைப் பொத்திக்கொண்டு, "ஏன்டா, ஏலம் உடற மாதிரிக் கத்தற?" என்றார். நாங்கள் எல்லோரும் வருடக்கணக்காகக் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மத்தியானம் அவர் தொட்டில் பக்கத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். மிது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தூக்கத்துல மூக்காலயே பாடறா, அம்மிணி" என்றார். "எப்பவும் பாடுவாளா?"

"எப்பவும் பாடுவா மாமா."

ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். டி.வி. இன்று போடவே இல்லை.

ஜூலை 14, திங்கள்

பெருந்துறைப் பெட்டியைப் பற்றி விளக்கக் கூட்டம். காதில் ஹெட்போன். திரையில் ரெஜினாவும் அந்த யூனிட்டின் ஆட்கள் சிலரும். நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு தாமதித்தால் தாமதம் என்பதை அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது, அடிக்கடி கேட்டு நச்சரிக்கக்கூடாது என்று. எனக்கே என் பேச்சு பிடித்துப்போய்விட்டது.

பின்னாலிருந்து தோளை யாரோ தட்டினார்கள். மாமா.

"அம்மிணி, அவ அப்பப் புடிச்சு உன்னையத்தான் கூப்புடறா. உனக்குக் காது கேக்குதா, இல்ல ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமா?"

ரெஜினா சிரிப்பது ஹெட்போனில் கேட்டது. கழற்றிவிட்டுத் திரும்பினேன். நாற்காலிக்குப் பின்னால், தவழ்ந்து வந்த களைப்போடு, மிது உட்கார்ந்திருந்தாள். என் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ஏ" என்றாள். இது புதுச் சத்தம். இதுவரை போட்டதில்லை.

"என்னடி தங்கம்?" என்றேன்.

என் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான். பிறகு திரும்பி, வந்த வழியே தவழ்ந்து போய்விட்டாள்.